"சிவாஜி யார்?" என்று கேட்ட துணிவு

(கட்சி உறுப்பினர் பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மராத்தி மொழியில் 'சிவாஜி கோண் ஹோதா?' என்றொரு சிறு நூல் உண்டு. மேடையில் பேசப்பட்டுப் பின்னர் 1988இல் அச்சேறியது. எழுதியவர் கோல்ஹாப்பூரின் கம்யூனிஸ்ட் தலைவர், வழக்கறிஞர், தோழர் கோவிந்த் பன்சாரே.

அத்தலைப்பைத் தமிழில் பெயர்த்தால் ஒரு நுட்பம் மறைந்துவிடும். 'சிவாஜி யார்?' என்னும்போது மரியாதை பற்றிய சிக்கலே எழுவதில்லை. மராத்தியிலோ 'ஹோதா' என்பது ஒருமை. மதிப்புக்குரியவர்களைச் சொல்ல 'ஹோதே' என்பர். சத்ரபதி என்னும் பட்டமின்றி அப்பெயரை உச்சரிக்கவே பலர் தயங்கும் மண்ணில் இப்படியொரு தலைப்பு! அவமதிப்பு என்று கூச்சலிட்டவர்கள் உண்டு. ஆனால், தாயையும் தெய்வத்தையும் மராத்தியர்களும் தமிழர்களைப் போலவே 'நீ' என்றுதான் அழைக்கின்றனர். நெருக்கத்தின் ஒருமைக்கும் இகழ்ச்சியின் ஒருமைக்கும் வேறுபாடு அறியாதவர்கள், மொழியையும் அறியாதவர்கள், மக்களையும் அறியாதவர்கள்.

பன்சாரேயின் முன் இரண்டு எளிய வழிகள் இருந்தன. ஊரோடு சேர்ந்து ஜெய முழக்கம் இடுவது ஒன்று. 'அவரும் ஒரு நிலப்பிரபுத்துவ மன்னர்தானே' என்று ஒதுக்கிவிட்டு நகர்வது மற்றொன்று. முன்னது கூட்டத்துக்கு அஞ்சுவது. பின்னது, வெளிப்படையாகச் சொன்னால், சொந்த அணிக்குள் பழகிப்போன வாய்பாட்டை ஒப்பிப்பது. இரண்டிலும் சிந்தனைக்கு வேலையில்லை.

அவர் மூன்றாவது வழியில் சென்றார். வரலாற்று ஆதாரங்களைத் திரட்டினார். கிராமங்களைக் கசக்கிப் பிழிந்த வதன்தாரர்களின் அதிகாரத்தைச் சிவாஜி கட்டுப்படுத்தியதை எடுத்துக்காட்டினார். குடியானவர்களின் விளைச்சலில் படைவீரர்கள் கைவைக்கலாகாது என்ற ஆணையையும், படையிலும் கடற்படையிலும் பொறுப்பு வகித்த இஸ்லாமியரையும் நினைவூட்டினார். அம்மன்னரைச் சத்திரியராக ஏற்க உள்ளூர் வைதிகர்கள் மறுத்ததையும், 1674இல் முடிசூட்டு விழாவை நடத்திவைக்கக் காசியிலிருந்து காகா பட்டர் வரவேண்டியிருந்ததையும் மறக்கவிடவில்லை. அதே வேளையில், சிவாஜி சமய நம்பிக்கை கொண்ட இந்து மன்னர் என்பதை நூல் மறைக்கவுமில்லை. அவரைச் சிவப்புச் சட்டை அணிவித்து நிறுத்தவுமில்லை. நூலின் வலிமை அந்த நேர்மையில்தான் இருக்கிறது. வகுப்புவாதிகளால் இதைத்தான் பொறுக்க முடியவில்லை. சிவாஜியைப் பழித்திருந்தால் அவர்களுக்கு வசதியாகப் போயிருக்கும். அவரை உழவர் கையில் திருப்பிக் கொடுத்தல்லவா விட்டார்!

2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில், காலை நடைக்குச் சென்ற நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய மருத்துவர் அவர். அடுத்து யார் என்ற கேள்வி காற்றில் இருந்தது. மிரட்டல்கள் வந்தன. பன்சாரே பேசுவதை நிறுத்தவில்லை. காலை நடையையும் நிறுத்தவில்லை. 2015 பிப்ரவரி 16 அன்று, துணைவியார் உமாவுடன் நடந்து திரும்புகையில், வீட்டருகே இருவரும் சுடப்பட்டனர். உமா உயிர் பிழைத்தார். 81 வயதான பன்சாரே 20ஆம் தேதி மறைந்தார். அதே ஆண்டு தார்வாடில் கல்புர்கி. 2017இல் பெங்களூருவில் கௌரி லங்கேஷ்.

இந்த வரலாற்றைச் சொல்லிக் கண்ணீர் சிந்துவது எளிது. கிளைக் கூட்டத்தில் அறிக்கை வாசித்து முடிந்ததும் 'கேள்வி உண்டா?' என்று கேட்கப்படுகிறது. தலைகள் குனிகின்றன, அறிக்கை ஒருமனதாக நிறைவேறுகிறது. அங்கே துப்பாக்கி ஏதும் இல்லையே! பின் எதற்கு அந்த மௌனம்? முடிவுக்குப் பின் கட்டுப்படுவது கட்டுப்பாடு. முடிவுக்கு முன்பே வாய்மூடுவதற்கு அமைப்பு விதிகளில் இடமில்லை. உறுப்பினர் தம் ஐயத்தைத் தேநீர்க் கடையில் சொல்லிவிட்டுக் கூட்டத்தில் விழுங்கினால், தலைமைக்குக் கிடைப்பது ஒப்புதல் மட்டுமே. களத்தின் செய்தி அல்ல. பன்சாரே கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்தவர். பொறுப்பில் இருந்துகொண்டே பழகிய வாய்பாட்டுக்கு வெளியே சிந்தித்தார் என்பதை உறுப்பினர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

அவர் மறைந்த பின்னும் அந்நூல் விற்றது. பல மொழிகளுக்குச் சென்றது. கோல்ஹாப்பூர்த் தோழர்கள் 'நிர்பய்' என்ற பெயரில் கூட்டாகக் காலை நடை நடந்தனர். கொலையாளிகள் தேர்ந்தெடுத்த அதே காலைப் பொழுதில்.