முதல் பட்டதாரியின் விண்ணப்பம்



தன் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்லும் தோட்டத்து மாணவி ஒருத்தி சட்டம் பயில விழைகிறாள். உதவி நிதிப் படிவத்தில் ‘பெற்றோர் கல்வி’ என்னும் இடம் வந்ததும் அவள் எழுதுகோல் நின்றுவிடுகிறது. உதவி கேட்கவே அவளுக்குக் கூச்சம். அதைப் போக்க நம் ஊர் வரலாறே போதும்.

தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர் பலர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியோர் மாதந்தோறும் செலுத்திய 10 வெள்ளி, தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. பலர் சேர்ந்து ஒரு குடியைத் தாங்குவது நமக்குப் பழகிய அறம்.

சட்டக் கல்வியின் செலவு பட்டத்தோடு முடிவதில்லை. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, வழக்கறிஞராக ஏற்கப்படுவதற்குமுன் 9 மாதப் பயிற்சியும் பெறல் வேண்டும். ஊதியம் சிறுத்த அம்மாதங்களில்தான் வறிய வீட்டுப் பிள்ளை தளர்கிறாள். உதவுவோர் அதனையும் கணக்கிற் கொள்ளல் நன்று.

மாணவியே, தாய் பால் வெட்டியதை மறைக்காமல் எழுது. தாம் கைநாட்டு வைத்த தாளில் என்ன இருந்தது என்று அறியாமலே வாழ்ந்த மூத்தோரின் பேத்தி நீ. அத்தகைய தாள்களைப் படித்துச் சொல்ல நீ வரவேண்டும்.

ஆசிரியர்களே, அவள் அப்படிவத்தை நிரப்பும் நாளில் அருகில் அமருங்கள்.