விலையும் கொடையும்

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; அதற்கு முன்பாகவே ஒப்புரவறிதலை வைத்தார். வறியார்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை; உலகநடை அறிந்து, தன் கடமையென உணர்ந்து உதவுவது ஒப்புரவு. இவ்வேறுபாட்டைச் செயலால் விளக்கியவர்கள் அமெரிக்கப் பள்ளிச் சிறுவர் சிலர்.

பாகிஸ்தானின் முரீத்கே என்னும் ஊரில் பிறந்தவன் இக்பால் மசீஹ். தமையன் திருமணத்திற்காகக் குடும்பம் வாங்கிய 600 ரூபாய்க் கடனுக்கு ஈடாக, நான்கு வயதில் கம்பளத் தறியில் அமர்த்தப்பட்டான். 'பேஷ்கி' என்னும் அம்முன்பணம், உழைக்க உழைக்கக் குறையாமல் வளர்வது. 1992இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. அதன் துணையை அறிந்த சிறுவன் தறியை விட்டு வெளியேறினான். பிற சிறுவரின் விடுதலைக்காகவும் குரல் கொடுத்தான்.

1994 டிசம்பரில் மனித உரிமை விருது பெற அமெரிக்கா சென்றான். அப்போது மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குவின்சி நகரின் பிராட் மெடோஸ் நடுநிலைப் பள்ளிக்கும் சென்று, தன் வயதொத்த மாணவரிடம் பேசினான். விருது மேடையில் அவன் கையில் இரு பொருள்கள் இருந்தன: கம்பளம் நெய்யும் கருவி ஒன்று, எழுதுகோல் ஒன்று. சிறுவர் கையில் இருக்கத் தக்கது பின்னதே என்றான். 1995 ஏப்ரல் 16, உயிர்த்தெழுதல் திருநாள் அன்று, தாயகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டான்.

செய்தி கேட்ட குவின்சி மாணவர் அழுததோடு அமையவில்லை. அவன் பெயரால் அவன் நாட்டில் ஒரு பள்ளி எழ வேண்டும் என்று முடிவு செய்தனர். ஊர்தோறும் பள்ளிகளுக்கு மடல் விடுத்து, ஒவ்வொருவரிடமும் அவர்கள் வேண்டியது 12 டாலர். அவன் அடைந்த வயது 12. அவனை அடிமையாக்கிய கடன்தொகை டாலர்க் கணக்கில் ஏறத்தாழ 12. சிறு சிறு தொகைகள் திரண்டு ஒரு லட்சம் டாலரைக் கடந்தன. கசூர் நகரில் பள்ளி எழுந்தது.

கவிஞர்கள் கருதத் தக்கது அந்த எண்ணே. ஓர் உயிருக்கு இட்ட விலையையே கொடையின் அளவாக வைத்ததனால், கொடுத்தவர் ஒவ்வொருவரும் அவ்விலையைத் தம் கையால் எண்ண நேர்ந்தது. தொலைநாட்டு மாளிகைகளில் விரிக்கப்பட்ட கம்பளங்களின் முடிச்சுகளில் யாருடைய விரல்கள் தேய்ந்தன என்பதை அறிந்து கொடுத்த கொடை அது. ஆதலின் அது ஒப்புரவு.

ஒரு பள்ளியால் கொத்தடிமை முறை ஒழிந்துவிடாது, கசூரிலும் ஒழியவில்லை. எனினும் சாதி, சமய வேலிகளை மறுத்துப் பாடிய சூஃபிக் கவிஞர் புல்லே ஷா துயிலும் அம்மண்ணில், தறிக்குரியவர் எனக் கருதப்பட்ட பிள்ளைகள் சிலர் எழுதுகோல் ஏந்தினர். எழுத்தையே வாழ்வாகக் கொண்டோர் கூடிய இவ்வவை, அந்த எழுதுகோலின் விலையை அறியக் கடமைப்பட்டது.