வெட்கம் உயிரைப் பறிக்கலாமா?

(ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கடைக் கணக்கில் நூறு ரூபாய் இடித்தால் இரவெல்லாம் விழித்திருந்து தேடுகிறோம். வீட்டில் மனைவிக்கோ தாய்க்கோ மாதக்கணக்கில் உதிரப்போக்கு நிற்கவில்லை என்றால் 'பொம்பளை சமாச்சாரம்' என்று ஒதுங்கிக் கொள்கிறோம். இது நியாயமா?

மதரஸாவில் ஹைளு, இஸ்திஹாளா சட்டங்களை ஆண்களாகிய நாங்கள் வரி வரியாக ஓதினோம். அந்தச் சட்டங்கள் எப்படிக் கிடைத்தன? தொடர் உதிரப்போக்கால் அவதிப்பட்ட ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்களிடம் நேரில் வந்து கேட்டார்கள். அது மாதவிடாய் அல்ல என்று நபியவர்கள் பிரித்துக் காட்டினார்கள். அன்று அந்தப் பெண்மணி கேட்டார்கள். இன்று நம் வீட்டுப் பெண் டாக்டரிடம் கேட்க நாம் ஏன் தடை?

மாதவிடாய் அல்லாத இரத்தம் எதனால் வருகிறது என்று தேட இன்று ஸ்கேன் இருக்கிறது. அது வந்த கதை தெரியுமா? இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையால் பார்க்கும் கருவி தொழிற்சாலைகளில் இருந்தது. கிளாஸ்கோ நகர மகப்பேறு மருத்துவர் இயான் டொனால்டு, 1955ல், அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பாய்லர் கம்பெனிக்கே போனார். நீர்க்கட்டியும் சதைக்கட்டியும் வேறு வேறாகத் தெரிந்தன. பிறகு, வயிற்றில் புற்றுநோய், இனி செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணை இதே முறையில் பார்த்தார். இருந்தது சினைப்பையில் பெரிய நீர்க்கட்டி! அகற்றினார்கள், அந்தப் பெண் பிழைத்தார். 1958ல் இந்த ஆய்வு லான்செட் இதழில் வெளிவந்தது.

'ஸ்கேன் எடுத்தால் கதிர் பாயும்' என்று பயப்படாதீர்கள். சாதாரண வயிற்று ஸ்கேன் வெறும் ஒலி அலை. எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ்ரே கதிர் இல்லை. கருக்குழாய் அடைப்பைப் பார்க்க மருந்து செலுத்தி எடுக்கும் படம்தான் எக்ஸ்ரே. குழந்தை இல்லை என்று மனைவியை அதற்கு அனுப்பும் சகோதரரே! உங்கள் விந்துப் பரிசோதனையை முடித்து விட்டீர்களா?

சிறுமியின் கர்ப்பப்பை சிறு குழாய் போல இருக்கும். பருவமடைந்ததும் பேரிக்காய் வடிவம் பெற்று, ஏழெட்டு செ.மீ. நீளமாகும். மாதவிடாய் நின்றபின் சுருங்கும். ஒரு வயதில் இயல்பானது இன்னொரு வயதில் நோயாக இருக்கலாம். டாக்டர் வயதையும் கடைசி மாதவிடாய்த் தேதியையும் கேட்பது இதற்காகத்தான்.

பதினான்கு, பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாத மகள் மாதாமாதம் அடிவயிற்று வலியில் துடிக்கிறாளா? தாயத்து தேடி ஓடாதீர்கள். வழி அடைபட்டு உதிரம் உள்ளே தேங்கியிருக்கலாம். ஸ்கேனில் தெரிந்துவிடும், பெரும்பாலும் சிறு அறுவையில் தீரும். மணமாகாத பெண்ணுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, வயிற்றின் மேல் வைத்தே பார்ப்பார்கள். தயங்க என்ன இருக்கிறது?

மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த தாய்க்கு ஒரு துளி உதிரம் பட்டாலும் அலட்சியம் வேண்டாம். கர்ப்பப்பையின் உட்சுவர் 4 மி.மீ.க்குள் மெல்லியதாக இருந்தால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. தடித்திருந்தால் சதையைச் சிறிது எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். ஆரம்பத்தில் கண்டால் காப்பாற்றலாம்.

இன்னொன்று. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் கேட்காதீர்கள். 1994ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். பெண் குழந்தையை உயிரோடு புதைத்த கொடுமையை ஒழித்த மார்க்கம் நம்முடையது!

பெண் டாக்டரைக் கேட்பது உங்கள் உரிமை. கிடைக்காவிட்டால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். நிர்ப்பந்தத்திற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு. வளைகுடாவில் இருக்கும் கணவன் சரி சொல்லட்டும் என்று வலியோடு காத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! சகோதரரே, இன்றே போன் செய்யுங்கள். 'போய்ப் பார், செலவுக்கு நான் இருக்கிறேன்' என்று சொல்லுங்கள்.

வல்ல இறைவன் நம் பெண்மக்களுக்கு நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக!