நோயாளிக்கு ரொட்டி மட்டும் போதுமா?
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



டெங்குன்னு ஆஸ்பத்திரியில சேர்த்தா நாம முதல்ல வாங்கிட்டுப் போறது என்ன? ரொட்டியும் பன்னும்தான். 2017-ல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. இந்தப் பழக்கம் மட்டும் இன்னும் மாறலை.

காய்ச்சல் உடம்புச் சதையைக் கரைக்கும். அதை ஈடுகட்டப் புரதச்சத்து வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளைக்கு 50 கிராமாவது தேவை. இரண்டு துண்டு ரொட்டியில் சுமார் 4 கிராம்தான். ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைஞ்ச உடம்பைப் பட்டினி போடலாமா?

வாய் கசந்தால் இரண்டு மணிக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க. குழைந்த பருப்புச் சாதம், இட்லி, அவித்த முட்டை, மோர் நல்லது. அரசு மருத்துவமனையில் தருகிற பாலையும் முட்டையையும் "காய்ச்சலுக்கு ஆகாது"ன்னு ஒதுக்காதீங்க. சர்க்கரை, சிறுநீரக நோய் இருந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ டாக்டரைக் கேளுங்க. டெங்குவில் நீராகாரம் எவ்வளவு என்பதையும் அவரே சொல்லணும். வீடு திரும்பிய பிறகும் சில வாரம் இதே கவனிப்பு வேண்டும்.

ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்த வெளியூர்ப் பொண்ணுங்க நம்ம ஊர்ல வாடகைக்கு இருக்காங்க. படுத்துட்டா சோறு கொண்டுபோக ஆளில்லை. குழுவுக்கு ஒருத்தர் பொறுப்பெடுப்போம். மருத்துவத்துக்கு உள்கடன் கொடுக்கும்போது, ஊசி மாத்திரையோடு முட்டை, பால் செலவையும் சேர்த்துத் தீர்மானம் எழுதுங்க.