மின் ரம்பமும் கைவிரலும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஏரி மராமத்து, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே இம்மேடையில் நான் பேசக் கேட்டிருப்பீர்கள். இன்று மரம் அறுக்கும் மின் ரம்பத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதைத் தச்சர்களிடமல்லவா சொல்ல வேண்டும், எங்களிடம் ஏன் என்று சிலர் நினைக்கக்கூடும். அதற்குக் காரணம் உண்டு.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் எழுந்தது. பின்னர் அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது; ஆவடி 2019இல் தானே மாநகராட்சியாயிற்று. நகரம் மேற்கே நகர நகர, அங்கே வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாத சிறு தொழில்கள் பூந்தமல்லியைச் சுற்றியுள்ள ஊர்களை நாடி வருகின்றன. நேற்று நெல் தூற்றிய களத்துமேட்டில் இன்று ஒரு தகரக் கொட்டகை நிற்கிறது. உள்ளே ஒரு மேசை. மேசையின் நடுவே வட்ட ரம்பம். மூன்று நான்கு இளைஞர்கள். தொழிற்சாலைகளுக்குப் பெட்டியும் பேலட்டும் அடிக்கிறார்கள். வீடுகளுக்குக் கதவும் நிலையும் செய்கிறார்கள். இடத்தின் சொந்தக்காரர் உங்களில் ஒருவர். வேலை செய்பவன் உங்கள் ஊர்ப் பிள்ளை, அல்லது வடக்கேயிருந்து பிழைக்க வந்த பிள்ளை.

இந்தக் கொட்டகையை யார் பார்வையிடுகிறார்கள்? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என்றது. அதற்கு மாற்றாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை இருபது ஆக்கியிருக்கிறது. நான்கு பேர் உள்ள கொட்டகை முன்பும் பொதுவாக அதில் அடங்கவில்லை, இப்போதும் அடங்கவில்லை. அதன் வாசலைத் தாண்டும் பொது அமைப்பு ஒன்று உண்டென்றால் அது ஊராட்சிதான். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, விசையால் ஓடும் இயந்திரத்தை நிறுவ ஊராட்சியின் அனுமதி வேண்டும். அந்த மனு வரும்போது கட்டணம் செலுத்தப்பட்டதா என்று மட்டும் பார்க்கிறோமே தவிர, ரம்பத்தை யாரும் பார்ப்பதில்லை. இதில் என் போன்ற அலுவலர்களுக்கும் பங்குண்டு.

ரம்பத்தில் என்ன பார்க்க வேண்டும்? மேசையின் முன்னே நிற்பவருக்கு எதிரே உள்ள பற்கள் கீழ்நோக்கி இறங்கிப் பலகையை மேசையோடு அழுத்துகின்றன, அதனால் தீங்கில்லை. பின்புறத்துப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. அபாயம் அங்கேதான். அறுபட்ட பலகை, மரத்திலுள்ள முறுக்கினால், வாளைத் தாண்டியதும் மீண்டும் ஒன்றுசேர்ந்து வாளைக் கவ்வும். அப்போது பின்புறப் பற்கள் பலகையைத் தூக்கி, நிற்பவர் மேலேயே எறியும். பலகை போன வேகத்தில், அதைப் பிடித்திருந்த கை வாளின் மேல் விழும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ‘எப்படி நடந்ததென்றே தெரியவில்லை’ என்று அடிபட்டவர் சொல்வது முற்றிலும் உண்மையே.

இதைத் தடுக்க, வாளுக்குப் பின்னால் அதன் வளைவை ஒட்டி ஓர் இரும்புத் தகடு நிற்க வேண்டும். அறுத்த பிளவுக்குள் அது நுழைந்து, பலகை சேரவொட்டாமல் பிரித்து வைக்கிறது. இங்கிலாந்தில் 1922ஆம் ஆண்டிலேயே மரவேலை இயந்திரங்களுக்கென்று விதி செய்து, இந்தத் தகட்டைக் கட்டாயமாக்கினார்கள். நமக்கு இது புதிய செய்தி அன்று. கையால் மரம் அறுத்த நம் முன்னோர் பிளவில் ஆப்பு வைத்தார்கள். ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சிறுவயதில் கேட்காதவர் இங்கே யாருமிருக்க முடியாது. மின் ரம்பத்தின் தகடும் அதே ஆப்புத்தான். ‘பலகை திருப்ப இடைஞ்சலாக இருக்கிறது’ என்று அதைக் கழற்றி மூலையில் போட்டிருக்கும் கொட்டகைகள் பலவற்றை நானே கண்டிருக்கிறேன். வாளின் மேல் கவிந்திருக்க வேண்டிய மூடியும் அதே மூலையில்தான் கிடக்கிறது.

வாள் பலகைக்கு மேல் அரை அங்குலம் தெரிந்தால் போதும். ஆனால் பெரும்பாலும் முழு வாளும் வெளியே நின்று சுழல்கிறது. கடைசி ஒரு சாண் பலகையைக் கையால் தள்ளக் கூடாது. நுனியில் வெட்டுவிட்ட ஒரு கோலால் தள்ள வேண்டும். அந்தத் தள்ளுகோலை வீண் மரத்துண்டில் ஐந்து நிமிடத்தில் செய்துகொள்ளலாம். காலணா செலவில்லாத இந்த ஒரு பொருள்தான் எங்கும் காணக் கிடைப்பதில்லை.

கையுறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் வேறோர் இடத்தில் பணியாற்றியபோது, நல்லெண்ணத்தோடு சில தச்சர்களுக்குக் கையுறை வாங்கித் தர ஏற்பாடு செய்தேன். முதிய ஆசாரி ஒருவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “ஐயா, வெறுங்கையென்றால் தோலோடு போகும், இது மாட்டினால் கையையே உள்ளே இழுத்துவிடும்” என்றார். அவர் சொன்னதே சரி. சுழலும் வாளின் அருகே கையுறையும், தொங்கும் துண்டும், அவிழ்ந்த லுங்கியும், கையில் கட்டிய கயிறும் கூடாதவை. கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பும்தான் வேண்டியவை.

இனி, உழவர்களாகிய நீங்கள் என்னைவிட நன்றாக அறிந்த ஒன்றுக்கு வருகிறேன். மும்முனை மின்சாரத்தில் கம்பி மாறிவிட்டால் பம்புசெட்டு தலைகீழாகச் சுற்றும், தண்ணீர் வராது, மோட்டாரை நிறுத்தி இரண்டு கம்பிகளை மாற்றிக் கொடுப்பீர்கள். ரம்பமும் அவ்வாறே தலைகீழாகச் சுற்றும். அப்போது முன்புறப் பற்கள் மேலே எழுந்து, பலகையைக் கையோடு சேர்த்து முன்னே இழுத்துக்கொண்டு போகும். ஆதலால் லைனில் வேலை நடந்த பிறகும், மோட்டாரைக் கழற்றி மாட்டிய பிறகும், மரம் வைக்காமல் ஒரு கணம் ஓட்டி, சுற்றும் திசையைப் பார்த்தே தீர வேண்டும்.

மற்றொன்று, மின்சாரம் போய் வருவது. ஸ்டார்ட்டரில் உள்ள நோ-வோல்ட் காயில், மின்சாரம் நின்றதும் விசையை விடுவித்துவிடும். மீண்டும் ஒருவர் பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். நள்ளிரவில் மின்சாரம் வந்தால் தானே ஓடட்டும் என்று பம்புசெட்டுக்கு நாம் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைக்கிறோம். கிணற்றடியில் அது வசதி. அதே பழைய மோட்டாரையும் அதே பெட்டியையும் கொண்டுவந்து ரம்ப மேசையில் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மின்சாரம் நின்ற நேரத்தில் வாளில் சிக்கிய சிராய்த் துண்டை ஒருவன் விரலால் எடுத்துக்கொண்டிருக்கிறான், மின்சாரம் வந்துவிடுகிறது. மேற்கொண்டு நான் விவரிக்க வேண்டியதில்லை. ரம்பத்துக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் கூடவே கூடாது. வாளைத் தொடுமுன் மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்த பின்னும் வாள் சிறிது நேரம் ஓசையின்றிச் சுழன்றுகொண்டிருக்கும். அந்த அமைதியை நம்பிக் கை வைத்தவர்களும் உண்டு.

கையில் பிடிக்கும் சிறு இயந்திரங்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. கல் வெட்டும் மார்பிள் கட்டரிலும், இரும்பு தேய்க்கும் கிரைண்டரிலும் பல் வைத்த மர வாளை மாட்டி அறுப்பது இப்போது எங்கும் வழக்கமாகிவிட்டது. நாலங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்றுச் சுற்றுகிறது. அதன் விளிம்பு மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. பல் மரத்தில் மாட்டினால் இயந்திரம் கையை விட்டுத் துள்ளும். வாள் பொருந்த வேண்டும் என்பதற்காக மூடியையும் கழற்றியிருப்பார்கள். ஆகவே துள்ளும் வாளுக்கும் தொடைக்கும் இடையே லுங்கி ஒன்றே இருக்கும். மரத்துக்கென்று செய்த, தானே மூடிக்கொள்ளும் கவசமுள்ள கை ரம்பம் கிடைக்கும்போது, சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க இதைச் செய்வதை நான் சிக்கனம் என்று சொல்லமாட்டேன்.

2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் வீசியபோது, சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய வேளையில் ஈரமண்ணில் ஒட்டுப்போட்ட வயரை இழுத்து மின் ரம்பம் ஓட்டுவது தற்கொலைக்கு ஒப்பாகும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் உயிர் காக்கும் சாதனம் இல்லாத இணைப்பில் ரம்பத்தைச் செருகவே கூடாது. சாய்ந்த மரத்தில் மின்கம்பி மாட்டியிருந்தால், மின்வாரியத்தார் வரும்வரை ரம்பம் உறையிலேயே இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் விபத்து நேர்ந்தால் என்ன செய்வது? நம் நற்பேறாக, ஸ்டான்லி அரசு மருத்துவமனை கை அறுவைச் சிகிச்சைக்கு நாடறிந்த இடமாக இருக்கிறது. அங்கே அப்பிரிவை வளர்த்த டாக்டர் ஆர். வெங்கடசாமி, சரிவாக அறுபட்ட விரல் நுனியை அதே விரலின் பக்கச் சதையை முக்கோணமாக நகர்த்தி மூடும் முறை ஒன்றை, உடன் பணியாற்றிய மருத்துவரோடு 1980இல் வெளியிட்டார். உலகெங்கும் கை மருத்துவர் அதை அவர் பெயராலேயே அறிவர். இம்முறை இங்கே தோன்றியதற்கு அவருடைய திறமை ஒரு காரணம்; இம்மாநகரத்துத் தொழிலாளர் இழந்த விரல்கள் மற்றொரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன். 2018இல் இரு கைகளையும் இழந்த ஒருவருக்குக் கைமாற்று அறுவையும் அங்கே நடந்தது.

ஆனால் துண்டான விரல் கெடாமல் போய்ச் சேர்ந்தால்தான் மருத்துவரால் ஒட்ட முடியும். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடியுங்கள். மஞ்சளும் காப்பித் தூளும் அப்ப வேண்டாம். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வையுங்கள். விரல் நேரே பனிக்கட்டியில் படக் கூடாது. பட்டால் சதை உறைந்து கெட்டுவிடும். உடனே 108ஐ அழையுங்கள். பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து ஸ்டான்லி இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆகையால் பக்கத்துக் கடையில் விசாரித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

இனிமேல் ரம்பம் நிறுவ மனு வந்தால், உறுப்பினர் ஒருவர் நேரில் சென்று நான்கு பொருள்களைக் கண்ணால் கண்டு எழுதித் தர வேண்டுகிறேன்: பின்தகடு, மேல்மூடி, தள்ளுகோல், நோ-வோல்ட் காயிலுள்ள ஸ்டார்ட்டர். ஏற்கெனவே ஓடும் கொட்டகைகளுக்கும் போய்ப் பாருங்கள். அதட்ட வேண்டாம், மூலையில் கிடக்கும் தகட்டை எடுத்து மாட்டச் சொல்லுங்கள். அங்குள்ள தச்சர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஊர்வாரியாக எழுதிக்கொள்ளத் தாள்கள் வாசல் மேசையில் வைக்கப்பட்டிருக்கின்றன. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றை வாங்கிக்கொள்கிறேன்.