கல் எடுத்த கையும் கடிதம் எழுதிய கையும்



எந்தப் பெரியவரின் ஞாபகார்த்தமாக இந்தச் சொற்பொழிவு நடைபெறுகிறதோ, அவர் மாதப் பத்திரிகை கைக்கு வந்ததும் கதை கட்டுரைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு வாசகர் கடிதங்களையே முதலில் புரட்டுவார் என்பதையும், எழுதியவன் எண்ணம் அப்புறம் இருக்கட்டும், படித்தவனுக்கு எங்கே வலித்தது என்று பார்ப்போம் என்பது அவர் கொள்கை என்பதையும், அவரோடு பழகியவர்கள் அறிவார்கள். ஆகவே, நன்மை தீமையைப் பற்றி நம் காலத்தில் எழுந்த ஒரு நீதிக்கதையையும் அதற்கு வாசகர்கள் சொன்ன அபிப்பிராயங்களையும் சேர்த்துப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று துணிந்தேன்.

கதை, அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்ஸன் எழுதிய 'தி லாட்டரி'. 1948ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதியிட்ட 'நியூ யார்க்கர்' இதழில் அது பிரசுரமாயிற்று. வெர்மான்ட் மாநிலத்து நார்த் பென்னிங்டன் என்னும் சிற்றூரில் குடியிருந்த அந்த அம்மையார், ஒரு ஜூன் மாதக் காலையில், சிறு மகளை உட்கார வைத்த தள்ளுவண்டியில் அன்றைய தபாலையும் மளிகைச் சாமான்களையும் ஏற்றி மேட்டுப் பாதையில் தள்ளிக்கொண்டு வந்தபோது இந்தக் கதை மனத்தில் உதித்ததென்றும், வீடு சேர்ந்ததும் தங்குதடையின்றி எழுதி முடித்ததாகவும் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

ஏறக்குறைய முந்நூறு பேர் வாழும் ஒரு கிராமம். ஜூன் 27ஆம் தேதி, நல்ல வெயில். காலை பத்து மணிக்கு ஊரார் சதுக்கத்தில் கூடுகிறார்கள். பையன்கள் வழவழப்பான கற்களாகப் பொறுக்கிக் குவிக்கிறார்கள். ஆண்கள் மழையையும் விதைப்பையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, டெஸ்ஸி ஹட்சின்ஸன் என்ற குடும்பப் பெண், இன்று என்ன நாள் என்பதே மறந்துபோய், ஈரக் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டே கடைசியில் ஓடி வருகிறாள். முக்காலியின் மேல் வைத்த கறுப்புப் பெட்டியிலிருந்து முதலில் வீட்டுக்கு ஒருவரும், பிறகு சீட்டு விழுந்த வீட்டில் ஒவ்வொருவருமாகச் சீட்டெடுக்கிறார்கள். எவருக்குக் கரும்புள்ளி விழுகிறதோ அவரை ஊரே கல்லால் அடித்துக் கொன்றுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் என்பதை, கடைசிப் பக்கம் வரையில் ஆசிரியை வாய் திறந்து சொல்வதில்லை.

புள்ளி விழுந்தது டெஸ்ஸிக்கு. ஆனால் அவளையும் ஒரு பாவமறியாப் பலியாக ஆசிரியை படைக்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. குடும்பத்தின் மேல் சீட்டு விழுந்துவிட்டதென்று தெரிந்த கணத்தில், மணமாகிப் போன தன் மகளையும் மருமகனையும் இந்தக் குலுக்கலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் கூச்சலிடுகிறாள். ஆள் கூடினால் தன் தலைக்கு வரும் ஆபத்து குறையுமல்லவா? முறை தவறி நடந்துவிட்டது என்பதுதான் அவள் வழக்கே தவிர, அந்த முறையே அதர்மம் என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. சற்று முன்வரை அவளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த டெலாக்ரா அம்மாளோ, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெருங்கல்லைத் தேடி எடுக்கிறாள்.

கதை வெளிவந்த அந்தக் கோடையில் ஜாக்ஸனுக்கு முந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன. கதையில் வரும் கிராமத்தின் ஜனத்தொகையும் ஏறக்குறைய அதுவே என்பது தற்செயல்தான், ஆயினும் என் மனம் அந்த ஒற்றுமையை விட மறுக்கிறது. தபால் நிலையத்தில் உள்ளவற்றிலேயே பெரிய பெட்டிக்கு அவர் மாற வேண்டியதாயிற்று. அன்பாக எழுதியவர்கள் பதின்மூன்று பேர், அவர்களிலும் பெரும்பாலோர் நண்பர்கள். மற்றவற்றில் திகைப்பும் ஊகமும் பச்சையான வசையுமே நிறைந்திருந்தன. பெற்ற தாயே, தனக்கும் கணவருக்கும் கதை பிடிக்கவில்லை என்று எழுதினார். மானிடவியல் மேதை ஆல்ஃப்ரெட் க்ரோபர், இப்படி ஒரு வழக்கம் சமூகத்தில் வேரூன்றும் விதத்தை ஆசிரியை காட்டவில்லையே என்று கோபங்கொண்டதாக அவர் மகள் அர்சுலா லெ குவின் நினைவுகூர்ந்திருக்கிறார்.

எல்லாவற்றிலும் ஆசிரியையை அதிரவைத்தவை வேறு சில கடிதங்கள்: இந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, நாங்கள் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டவை. இவர்களை அறிவிலிகள் என்று தள்ளிவிடுவது சுலபம். உலக யுத்தம் ஓய்ந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த அந்தக் காலத்தில், லட்சக்கணக்கான மனிதர்களைச் சாதாரணக் குமாஸ்தாக்களும் காவலாளிகளும் ஒழுங்காகப் பட்டியல் போட்டுக் கொன்ற செய்தியைப் பத்திரிகையில் படித்திருந்தவர்களுக்கு, இப்படியும் ஓர் ஊர் இருக்கலாம் என்று தோன்றியதில் என்ன ஆச்சரியம்? அவர்கள் கதையை நம்பினார்கள். என்னை நடுங்க வைப்பது அந்த நம்பிக்கையன்று. நம்பிய பிறகும் தடுக்க வேண்டும் என்று தோன்றாமல், பார்க்க வேண்டும் என்று தோன்றிற்றே, அந்த ஆவல்.

வைது எழுதியவர்களிடத்தில் எனக்கு மதிப்பு உண்டு. இன்று இந்தக் கதையைப் பாடமாகப் படிக்கும் மாணவன், இது குருட்டுச் சம்பிரதாயத்தைக் கண்டிக்கும் உருவகம் என்று நாலு வரி எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறான். அவனுக்கு எங்கும் வலிப்பதில்லை. பத்திரிகைச் சந்தாவை நிறுத்துகிறேன் என்று சீறியவனுக்கோ, தான் கூட்டத்தில் எங்கே நின்றிருப்போம் என்ற சந்தேகம் ஒரு கணமாவது தட்டியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அத்தனை கோபம் எதற்கு? தென்னாப்பிரிக்க யூனியன் அரசு இக்கதைக்குத் தடை விதித்ததில் ஜாக்ஸனுக்குப் பெருமையே இருந்ததென்றும், அவர்களாவது புரிந்துகொண்டார்கள் என்று கருதினார் என்றும் அவர் கணவர் ஸ்டான்லி எட்கர் ஹைமன் எழுதியிருக்கிறார்.

கதையின் முடிவில் ஒரு சிறு வாக்கியம் வருகிறது. நான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அங்கேதான் நின்றுவிடுகிறேன். டெஸ்ஸியின் கடைக்குட்டி டேவி, எடுத்த சீட்டைத் தானே பிரிக்கக்கூடத் தெரியாத பாலகன். அவன் கையிலும் யாரோ சில கூழாங்கற்களைக் கொடுக்கிறார்கள். ஸம்மர்ஸ், கிரேவ்ஸ், டன்பார், ஆடம்ஸ் என்று ஊராரைப் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்த ஆசிரியை, அந்தக் குழந்தையின் உள்ளங்கையில் கல்லை வைத்த கை யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை.