முன்னறிவும் கடமையும்
(மாநாட்டுத் தலைமை உரை)



இனப்படுகொலையைத் தடுப்பதற்கான சர்வதேச முயற்சிகளை ஆராய விருதுநகர் தகுந்த இடந்தானா என்று சில நண்பர்கள் வினவினார்கள். இங்குள்ள குல்லூர்சந்தை, ஆனைக்குட்டம் மறுவாழ்வு முகாம்களில் ஈழத்திலிருந்து உயிர் தப்பி வந்த குடும்பங்கள் ஒரு தலைமுறைக்கும் மேலாக வாழ்ந்து வருகின்றன என்பதே போதிய விடையாகும். அன்றியும், ஆபத்தை முன்னறிந்து தடுப்பது இன்னதென்று இம்மாவட்டத்துப் பட்டாசுத் தொழிலாளி எவருக்கும் நாம் போதிக்க வேண்டியதில்லை. மருந்து அறையொன்றில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது என்றும், அறைக்கும் அறைக்கும் போதிய இடைவெளி வேண்டுமென்றும் விதிகள் இருந்தும், 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் கருகிய துயரத்தை நாம் கண்டோம். விதி எழுதப்பட்டிருப்பது வேறு, காக்கப்படுவது வேறு. இனப்படுகொலையைத் தடுக்கும் விதிகளுக்கும் இதுவே நிலை.

குடும்பத்தாரில் பெரும்பாலோரை நாஜிகளுக்குப் பறிகொடுத்த ரபேல் லெம்கின் என்னும் சட்ட அறிஞரின் அயரா உழைப்பால், 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட இனப்படுகொலை உடன்படிக்கையின் தலைப்பிலேயே தண்டித்தலுக்கு முன்னே தடுத்தல் நிற்கிறது. கொடுமை நேரக்கூடும் என்ற கடுமையான அபாயத்தை ஓர் அரசு அறிந்த அக்கணமே, அறிந்திருக்க வேண்டிய அக்கணமே, தடுக்கும் கடமை பிறந்துவிடுகிறது என்று சர்வதேச நீதிமன்றம் 2007-இல் போஸ்னியா வழக்கிலே தீர்ப்பளித்தது. மக்களைக் காக்கும் பொறுப்பு உலகுக்கு உண்டு என்று 2005-இல் தேசத் தலைவர்கள் கூடி வாக்களித்திருந்தார்கள்.

இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில், அந்நாட்டு வடபகுதியான வன்னியில் அவ்வாக்கு என்னவாயிற்று? 2008 செப்டம்பரில், போகாதீர்கள் என்று மக்கள் வாயிலிலே நின்று மன்றாடியும், ஐக்கிய நாடுகள் ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். மறு ஜனவரியில் பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட நிலத்தின்மீதே எறிகணைகள் விழுந்தன. மடிந்தோரின் கணக்கைக் கொழும்பில் அந்த ஸ்தாபனத்தாரே தொகுத்து வைத்திருந்தும், அதை உலகறிய வெளியிடவில்லை. மே மாதம் முள்ளிவாய்க்காலில் யாவும் முடிந்தபின், 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று 2011-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளரின் நிபுணர் குழு கூறிற்று; ஐக்கிய நாடுகள் சபை தன் தோல்வியைத் தானே ஒப்பிய உள் ஆய்வறிக்கை 2012-இல் வந்தது. இதை அறியாமை என்று நான் ஒருபோதும் ஒப்பேன். அறிந்தும் வாய் திறவாமை இது. வன்னிக் கொடுமைக்கு இனப்படுகொலை என்னும் பெயர் பொருந்துமா என்பதைப் பற்றி எந்தச் சர்வதேச நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புரைக்கவில்லை. ஆயினும், காக்கும் கடமை அத்தீர்ப்புக்காகக் காத்திருப்பதன்று.

நமது பொறுப்பையும் நாம் மறைத்தல் தகாது. 2009 மே 27 அன்று, அப்போர் முடிந்த விதத்தை ஆராயாது, முடிந்ததை வரவேற்ற மனித உரிமைக் கவுன்சில் தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 1959-இல் இனப்படுகொலை உடன்படிக்கையை ஏற்ற நம் தேசம், அது கோருகிற தனிச் சட்டத்தை இன்றுவரை இயற்றவில்லை.

அறிஞர் பெருமக்களே! அச்சட்டத்தின் நகல் ஒன்றை இம்மாநாட்டிலேயே எழுதத் தொடங்குங்கள். இலங்கையில் 1983-இன் தமிழர் படுகொலைகளையும் 1990-இல் மீண்டும் மூண்ட போரையும் கண்ணால் கண்ட முதியோர் நம் முகாம்களில் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். இம்மாநாடு முடிந்து ஊர் திரும்புமுன் அவர்களுடைய சாட்சியத்தை, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே, பதிந்து செல்லுங்கள்.